மே மாசம் கேட்டா லேட்

இன்ஜினியரிங் காலேஜ்ல சேர்ந்த அன்னைக்கே நமக்கெல்லாம் ஒரு பார்ட் டைம் வேலையும் சேர்த்துக் கொடுத்துடுறாங்க. சம்பளம் கிடையாது, ராஜினாமாவும் பண்ண முடியாது. சொந்தக்காரங்க, பக்கத்து வீடு, அப்பாவோட ஆபீஸ் நண்பர்னு யார் வீட்டுல ப்ளஸ் டூ பிள்ளை இருந்தாலும், ரிசல்ட் வந்த வாரம் போன் நம்மகிட்டதான் வரும். "நீதான் அங்க படிக்கிறியே தம்பி, எந்த பிராஞ்ச் எடுக்கலாம், எந்த காலேஜ் நல்லா இருக்கு?" சி.எஸ்.இ., ஐ.டி., ஈ.சி.இ. பத்திக் கேட்டா கண்ணை மூடிக்கிட்டு பதில் சொல்லிடுவோம். போன வருஷ கட் ஆஃப் வரைக்கும் மனப்பாடம்.

பிரச்சினை வர்றது வேற ஒரு போன்ல. "அவளுக்கு இன்ஜினியரிங்ல இன்ட்ரஸ்ட் இல்லையாம்ப்பா. படம் நல்லா வரைவா. ஆர்க்கிடெக்சர், டிசைன்னு ஏதோ சொல்றா. என்ன பண்ணலாம்?"

இதுக்கு நம்ம பசங்க சொல்ற பதில்களை ஹாஸ்டல்ல நாலு வருஷமா கேட்டுக்கிட்டு இருக்கேன். சுத்திச் சுத்தி மூணுதான். ஒண்ணு, "படம் நல்லா வரைஞ்சா ஆர்க்கிடெக்சர்ல போட்டுடுங்க." ரெண்டு, "ரிஸ்க் வேணாம் ஆன்ட்டி, முதல்ல பி.இ. முடிக்கட்டும், அப்புறம் மாறிக்கலாம்." மூணு, "ரிசல்ட் வரட்டும், பார்த்துக்கலாம்."

மூணுமே நல்ல எண்ணத்துல சொல்றதுதான். ஆனா மூணுமே தப்பான பதில்னு நான் நினைக்கிறேன். அதுலயும் மூணாவதுதான் ரொம்ப ஆபத்து. அதனால அதுலேர்ந்தே ஆரம்பிக்கிறேன்.

ரெண்டு காலண்டர்

தமிழ்நாட்டுல பி.இ. சேர 2007-லேர்ந்து மாநில நுழைவுத்தேர்வு கிடையாது. மேத்ஸ் 100-க்கு, பிசிக்ஸ் 50-க்கு, கெமிஸ்ட்ரி 50-க்கு. கூட்டினா 200-க்கு கட் ஆஃப். கோச்சிங் சென்டர் வாசலை மிதிக்காத எத்தனை பேருக்கு இது கதவைத் திறந்து விட்டிருக்குன்னு தெரியணும்னா உங்க கிளாஸ்ல ஒரு தடவை சுத்திப் பாருங்க, போதும். அந்த முறையை நான் குறை சொல்லல.

ஆனா அதுக்கு ஒரு பக்க விளைவு இருக்கு. நம்ம வீடுகள்ல 'அடுத்து என்ன படிக்கிறது' என்கிற பேச்சே ரிசல்ட் அன்னைக்குத்தான் ஆரம்பிக்குது. அதுவரைக்கும் "ஒழுங்கா படி, மார்க் வாங்கு." அவ்வளவுதான் திட்டம். பி.இ.-க்கு அது சரியா வரும். டிசைனுக்கு வராது. அந்தக் காலண்டர் வேற.

ஐ.ஐ.டி. பாம்பே நடத்துற யூசீட் தேர்வை எடுத்துக்கோங்க. பி.டெஸ். படிப்புக்கான நுழைவுத்தேர்வு அது. பரீட்சை ஜனவரியில. அப்ளிகேஷன் அதுக்கு முந்தைய அக்டோபர், நவம்பர்ல போட்டாகணும். அடுத்தது என்.ஐ.டி. திருச்சி என்.ஐ.டி. இல்லைங்க, இது நேஷனல் இன்ஸ்டிடியூட் ஆஃப் டிசைன். தமிழ்ல எழுதினா ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும், வீட்டுல சொன்னாலும் அதே குழப்பம்தான். 1961-ல அகமதாபாத்ல ஆரம்பிச்ச இடம். அதுக்கும் முதல் கட்டத் தேர்வு ப்ளஸ் டூ பொதுத்தேர்வுக்கு முன்னாடியே முடிஞ்சிடும். தரமணியில இருக்கிற நிஃப்ட் தெரியும்ல, அதுவும் அப்படித்தான். என்.ஐ.டி. திருச்சி மாதிரி இடங்கள்ல பி.ஆர்க். வேணும்னா ஜே.இ.இ. மெயின் ரெண்டாவது பேப்பர் எழுதணும். அதோட ரெண்டு ரவுண்டும் ஜனவரி, ஏப்ரல்லயே போயிடும். கரக்பூர், ரூர்க்கி ஐ.ஐ.டி.கள்ல பி.ஆர்க். வேணும்னா இன்னும் நீளம். ஜே.இ.இ. அட்வான்ஸ்டு ரேங்க்கும் வேணும், அதுக்கு மேல ஏ.ஏ.டி.னு தனி வரைதல் தேர்வும் பாஸ் பண்ணணும்.

இப்ப கணக்குப் போட்டுப் பாருங்க. மே மாசம் ரிசல்ட் வந்த அப்புறம் அந்த அம்மா நமக்குப் போன் பண்றாங்க. அன்னைக்குத் திறந்திருக்கிற கதவு எத்தனை? கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர் நடத்துற நாட்டா இருக்கு. அது கோடையில பல தேதிகள்ல நடக்கும். அப்புறம் ஒரு சில கவின்கலைக் கல்லூரிகள், தனியார் பல்கலைக்கழகங்கள். மத்ததெல்லாம் சாத்தியாச்சு. "ரிசல்ட் வரட்டும்"னு நாம சொன்ன ஒரே வார்த்தையில ஒரு பிள்ளையோட ஒரு முழு வருஷம் போகுது. இல்லைன்னா, அதைவிட மோசமா, "சரி விடு, சி.எஸ்.இ.யே எடுத்துடு"ன்னு முடியுது.

பெரிய சிட்டியில பெரிய ஸ்கூல்ல படிக்கிற பிள்ளைக்கு இந்தத் தேதியெல்லாம் பதினொண்ணாவதுலயே தெரியும். கோச்சிங் சென்டர்காரங்களே வந்து செமினார் எடுத்துட்டுப் போவாங்க. திருவாரூர்லயோ தர்மபுரியிலயோ ஒரு அரசுப் பள்ளியில படிக்கிற, அதே அளவு கண்ணும் கையும் உள்ள பிள்ளைக்கு யார் சொல்றாங்க? அந்த வெப்சைட்டெல்லாம் இங்கிலீஷ். வேணாம்னா இந்தியும் இருக்கு. தமிழ்ல ஒரு பக்கம் தேடிப் பாருங்க, தெரியும். ஆக, இங்க முதல் ரவுண்டுல வடிகட்டுறது திறமையை இல்ல. அக்டோபர்ல யாருக்குத் தகவல் தெரிஞ்சுதுங்கிறதுதான் வடிகட்டி.

ரெண்டு மலை, நடுவுல சூரியன்

அடுத்தது "படம் நல்லா வரைவா." ஸ்கூல்ல நாம வரைஞ்ச சீனரி ஞாபகம் இருக்கா? ரெண்டு மலை, நடுவுல சூரியன், கீழ ஒரு ஆறு, ஓரத்துல வளைஞ்ச தென்னை மரம், நாலு பறவை. தமிழ்நாடு முழுக்க ஒரே படம். டிராயிங் பீரியடை மேத்ஸ் சார் கடன் வாங்காத வாரத்துல அதுதான் நடந்துச்சு. அதை அழகா கலர் பண்ற பிள்ளையை "படம் நல்லா வரைவா"ன்னு சொல்லுவோம். இன்னும் நல்லா வரைஞ்சா நடிகர் முகத்தைப் பென்சில்ல அச்சு அசலா போடுவா.

அது திறமை இல்லைன்னு சொல்லல. ஆனா இந்தத் தேர்வுகள் கேக்குறது அதை இல்ல. "மழை பெய்யுது, நீ பஸ்ஸுக்குள்ள ஜன்னல் சீட்ல உக்காந்திருக்க, வெளியில பஸ் ஸ்டாண்டு எப்படித் தெரியும்?" இந்த மாதிரிதான் கேள்வி இருக்கும். பார்த்து வரைய எதிர்ல படம் இருக்காது. மனசுல ஓட்டிப் பார்க்கணும். எது பக்கம், எது தூரம், ஆளு எவ்வளவு உயரம், கூரை எங்க முடியுது. நாட்டாவுல இப்ப இருக்கிற முறைப்படி 200-க்கு 80 மார்க்தான் வரைதலும் கம்போசிஷனும். மீதி 120 லாஜிக், கணக்கு, வடிவங்களைத் திருப்பிப் பார்க்கிற கேள்விகள். யூசீட்ல கம்ப்யூட்டர்ல எழுதுற முதல் பகுதியில தேறினாத்தான் நீங்க வரைஞ்ச பேப்பரையே திருத்துவாங்க. நிஃப்ட்ல சிச்சுவேஷன் டெஸ்ட்டுன்னு ஒண்ணு இருக்கு. கையில கொஞ்சம் சாமான் கொடுத்து, இதை வச்சு ஒரு பொருள் செய்னு சொல்லுவாங்க.

என்கூட ஸ்கூல்ல படிச்ச ஒரு பொண்ணு இப்ப பி.ஆர்க். நாலாவது வருஷம். அவகிட்ட இதைப் பத்திக் கேட்டேன். அவ சொன்னது: "வரையத் தெரியாம வந்தவங்க ரெண்டாவது செமஸ்டர்லயே கத்துக்கிட்டாங்க. ஜூரியில திட்டு வாங்கிட்டுத் திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிக்க முடியாதவங்கதான் கஷ்டப்பட்டாங்க." ஜூரின்னா நம்ம வைவா மாதிரி, ஆனா இன்னும் காரம். மூணு ராத்திரி தூங்காம செஞ்ச மாடலை எல்லார் முன்னாடியும் வச்சு, "இந்தப் படிக்கட்டுல எங்க பாட்டி ஏறுவாங்களா?"ன்னு கேப்பாங்க. பதில் இல்லைன்னா திரும்பச் செய்யணும். அடுத்த வாரம் அதையும் மாத்தச் சொல்லுவாங்க.

இதுல ரெண்டு பக்கமும் அநியாயம் நடக்குது. நடிகர் முகம் வரையுறதை மட்டும் விரும்புற பிள்ளையை அஞ்சு வருஷக் கட்டடப் படிப்புல கொண்டு போய் விடுறோம். இன்னொரு பக்கம், கோடு நேரா வராது ஆனா வீட்டுல பீரோவை எங்க நகர்த்தினா இடம் கிடைக்கும்னு சரியா சொல்ற பிள்ளையை, ஆட்டோ மீட்டர்லேர்ந்து மிக்ஸி மூடி வரைக்கும் "இதை ஏன் இப்படிச் செஞ்சிருக்காங்க?"ன்னு கேக்குற பிள்ளையை, யாரும் கணக்குலயே எடுக்கிறது இல்ல. "அவனுக்குத்தான் படம் வராதே."

உங்ககிட்ட யாராவது கேட்டா ஒரு சின்ன வேலை கொடுங்க. ஒரு டேப் எடுத்து, வீட்டுச் சமையலறையை அளக்கச் சொல்லுங்க. அதை ஸ்கேல்ல ஒரு பேப்பர்ல வரையட்டும். அப்புறம் ஒரு நாள் முழுக்க அம்மா அங்க வேலை செய்றதைப் பார்க்கட்டும். எங்க குனியுறாங்க, எதுக்கு எக்கி எடுக்குறாங்க, எத்தனை தடவை ஃப்ரிட்ஜுக்கும் அடுப்புக்கும் நடக்குறாங்க. இப்ப அந்த இடத்தை மாத்தி வரையச் சொல்லுங்க. அதை அம்மாகிட்ட காட்டினா அவங்க நாலு குறை சொல்லுவாங்க. திரும்ப வரையணும். மூணாவது தடவையும் அந்தப் பிள்ளை ஆசையா உக்காந்தா, இந்தப் படிப்பு அதுக்குப் பொருந்தும். முதல் தடவையே சலிச்சுப் போச்சுன்னா, அதுவும் நல்ல தகவல்தான். லட்சக்கணக்குல ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுடுச்சு.

சிவில் முடிச்சுட்டு ஆர்க்கிடெக்ட் ஆகலாமா?

ரெண்டாவது பதிலுக்கு வர்றேன். "முதல்ல பி.இ., அப்புறம் மாறிக்கலாம்." டிசைன் விஷயத்துல இது பாதி உண்மை. பி.இ. முடிச்சவங்க எம்.டெஸ். படிக்கலாம். அதுக்கும் ஐ.ஐ.டி. பாம்பேதான் தேர்வு நடத்துது. பேரு சீட். சீட்ல சீட் கிடைக்குமாங்கிறது வேற கதை. இதைப் படிக்கிற ஃபைனல் இயர் மக்கள்ல யாருக்காவது அந்த ஆசை இருந்தா, கதவு நிஜமாவே திறந்திருக்கு, யோசிங்க. ஆனா 17 வயசுப் பிள்ளைக்கு அதை ஒரு திட்டமா சொல்றது வேற. போக வேண்டிய ஊருக்கு நேர் பஸ் நிக்கும்போது, "முதல்ல எதிர்த்திசை பஸ்ல நாலு மணி நேரம் போ, அங்கேர்ந்து மாறிக்கோ"ன்னு சொல்ற மாதிரி.

ஆர்க்கிடெக்சர் விஷயத்துல அது முழுப் பொய். 1972 ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, கவுன்சில்ல பதிவு பண்ணினவங்கதான் தங்களை ஆர்க்கிடெக்ட்னு சொல்லிக்கலாம். அதுக்கு அங்கீகாரம் உள்ள அஞ்சு வருஷ பி.ஆர்க். வேணும். பி.இ. சிவில்ல தங்கமெடல் வாங்கினாலும் அந்தப் பதிவு கிடைக்காது. எம்.ஆர்க். சேரவும் பி.ஆர்க். வேணும். நடுவுல குதிச்சு ஏற இடமே இல்ல.

"நம்ம ஊர்ல வீட்டு பிளான் போடுறது சிவில் இன்ஜினியர்தானே?"ன்னு நீங்க கேக்கலாம். ஆமா, அவங்கதான். அந்தச் சட்டம் காப்பாத்துறது 'ஆர்க்கிடெக்ட்' என்கிற பேரை மட்டும்தான், வேலையை இல்ல. 2020-ல சுப்ரீம் கோர்ட்டும் இதைத்தான் சொல்லுச்சு. அதனால வீடு கட்டறதுதான் ஆசைன்னா சிவில் நல்ல வழி, அதைத் தாராளமா சொல்லுங்க. ஆனா ஆர்க்கிடெக்ட் ஆகணும்னு ஆசைப்படுற பிள்ளைகிட்ட "சிவில் எடு, ரெண்டும் ஒண்ணுதான்"னு சொல்லாதீங்க. ஒண்ணு இல்ல.

வேற திசையில மாறுறது எவ்வளவு இயல்பா நடக்குதுன்னு பாருங்க. ரூபாய் நோட்டுல இருக்கிற அந்தக் குறியீட்டை வரைஞ்ச உதயகுமார் நம்ம ஊர்க்காரர். அண்ணா யுனிவர்சிட்டியில பி.ஆர்க். படிச்சார், அப்புறம் ஐ.ஐ.டி. பாம்பேயில டிசைன் படிச்சார், அங்கேயே தமிழ் அச்செழுத்து வடிவங்களைப் பத்தி ஆராய்ச்சி பண்ணினார். 2010-ல அவர் வரைஞ்சது தேசத்தோட குறியீடாச்சு. கட்டடத்துலேர்ந்து எழுத்துக்குப் போன பயணம் அது. முதல் படிப்பு கண்ணைப் பழக்கினதாலதான் அந்தத் தாண்டல் சாத்தியமாச்சுன்னு நான் நினைக்கிறேன்.

காசு பேசுவோம்

இந்தப் பேச்சுல யாரும் தொடாத இடம் இதுதான். பி.ஆர்க். அஞ்சு வருஷம். நம்மளை விட ஒரு வருஷம் கூடுதல் ஃபீஸ், கூடுதல் ஹாஸ்டல். அதுக்கு மேல ஷீட், மவுன்ட் போர்டு, கட்டர், பிரின்ட் அவுட், சைட் விசிட், கிராபிக்ஸ் தாங்குற லேப்டாப். நமக்கு லேப் ரெக்கார்டு வாங்கினா செமஸ்டர் செலவு முடிஞ்சிடும். அவங்களுக்கு ஒவ்வொரு மாடலும் செலவுதான். தனியார் டிசைன் கல்லூரிகள் சிலதுல ஒரு வருஷ ஃபீஸ், கவுன்சிலிங்ல வந்த நம்ம சீட்டோட நாலு வருஷ டியூஷன் ஃபீஸைத் தாண்டிடும். முடிச்சதும் ஆர்க்கிடெக்ட் ஆபீஸ்ல கிடைக்கிற முதல் சம்பளம் சாஃப்ட்வேர் கம்பெனி மாதிரி இருக்காது. இதையெல்லாம் மறைச்சுட்டு "ஆசையைப் பின்தொடரட்டும்"னு சொல்றதும் பொறுப்பில்லாத பேச்சுதான். கல்விக்கடன் எடுக்கப் போற வீட்டுக்கு இந்தக் கணக்கு முதல்லயே தெரியணும்.

அதே சமயம் செலவு குறைஞ்ச கதவுகளும் இருக்கு, நாம அதைச் சொல்றதே இல்ல. கிண்டி பக்கத்துல அண்ணா யுனிவர்சிட்டியோட ஆர்க்கிடெக்சர் பள்ளி. எழும்பூர்ல 1850-ல ஆரம்பிச்ச ஓவியப் பள்ளி, இன்னைக்கு அரசு கவின்கலைக் கல்லூரி. கும்பகோணத்துலயும் ஒண்ணு இருக்கு. மாமல்லபுரத்துல அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி. கன்னியாகுமரியில 133 அடி திருவள்ளுவரை எழுப்பின கணபதி ஸ்தபதி அந்தக் கல்லூரிக்கு முதல்வரா இருந்தவர். டூர் போகும்போது அந்தக் கல்லூரி பக்கமாவே எத்தனை தடவை போயிருப்போம், உள்ள ஒரு டிகிரி படிப்பு நடக்குதுன்னு எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்னொண்ணு, காலேஜைத் தேர்ந்தெடுக்கும்போது பளபளப்பான பில்டிங்கைப் பார்க்காதீங்க. பி.ஆர்க்.னா கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர் அங்கீகாரப் பட்டியல்ல அந்தக் காலேஜ் இருக்கான்னு பார்க்கணும். இல்லைன்னா படிச்சு முடிச்சும் பதிவு பண்ண முடியாது. டிசைன்னா, சர்டிபிகேட்ல யார் பேர் இருக்கும்னு கேக்கணும். பல்கலைக்கழகம் கொடுக்கிற டிகிரியா, இல்ல அவங்களே அச்சடிச்ச டிப்ளமோவா? அட்மிஷன் ஆபீஸ்ல இந்த ஒரு கேள்வி கேட்டாலே முகம் மாறுற இடங்கள் இருக்கு.

அப்ப என்ன சொல்லலாம்?

அடுத்த தடவை போன் வந்தா, பதில் சொல்றதுக்கு முன்னாடி நாலு கேள்வி கேளுங்க.

பிள்ளை இப்ப எந்த கிளாஸ்? பதினொண்ணுன்னா நல்ல காலம். பன்னிரண்டுல செப்டம்பர்னாலும் ஓடிப் பிடிச்சுடலாம்.

ப்ளஸ் டூவுல மேத்ஸ் இருக்கா? பி.ஆர்க்.குக்கு மேத்ஸ் வேணும். யூசீட் எழுத எந்த குரூப்பா இருந்தாலும் சரி. காமர்ஸ் பிள்ளைக்கும் ஆர்ட்ஸ் பிள்ளைக்கும் ஐ.ஐ.டி.க்குள்ள நுழைய ஒரு வழி இருக்குங்கிறது நிறைய வீடுகளுக்குத் தெரியாது.

பிடிச்சது கட்டடமா, பொருளா, துணியா, திரையா? ஆர்க்கிடெக்சர், புராடக்ட் டிசைன், ஃபேஷன், ஆப் டிசைன் எல்லாத்தையும் "டிசைன்" என்கிற ஒரே வார்த்தையில போட்டுக் கலக்கக் கூடாது. படிப்பு வேற, தேர்வு வேற, வேலை வேற.

அஞ்சு வருஷக் கணக்கை வீட்டுல உக்காந்து எழுதிப் பார்த்தாச்சா? மாநில கவுன்சிலிங்ல பி.ஆர்க். ரேங்க்குக்குப் பாதி ப்ளஸ் டூ மார்க், பாதி நாட்டா மார்க். அதனால ரெண்டுல எதையும் விட்டுடக் கூடாதுங்கிறதையும் சொல்லிடுங்க.

இந்த நாலும் கேட்டு முடிக்க பத்து நிமிஷம் ஆகுமா? அந்தப் பத்து நிமிஷத்தை நாம மே மாசம் செலவழிக்கிறோம் என்பதுதான் என் குறை. போன் வர்ற வரைக்கும் காத்திருக்காம, ஆகஸ்ட்லயே நாம பண்ணலாம். ஒவ்வொருத்தருக்கும் ஒரு பழைய ஸ்கூல் இருக்கு. ஆயுத பூஜை லீவுக்கு ஊருக்குப் போகும்போது ஒரு மணி நேரம் அங்க போங்க. தேர்வு பேரு, அப்ளிகேஷன் மாசம், யார் எழுதலாம், எங்க சீட் இருக்கு. நாலே நாலு காலம், ஒரே ஒரு பக்கம், தமிழ்ல எழுதி ப்ளஸ் டூ நோட்டீஸ் போர்டுல ஒட்டிடுங்க. தேதிகள் வருஷா வருஷம் மாறும், அதனால அந்த வருஷ அறிவிப்பை ஒரு தடவை சரிபார்த்துக்கோங்க. ஹெட்மாஸ்டர்கிட்ட பர்மிஷன் கேக்குறது மட்டும்தான் இதுல கஷ்டமான வேலை.

அந்த ஸ்கூல்ல இருநூறு பேர் அதைப் பார்க்காமலே போவாங்க, பரவாயில்ல. பின் பெஞ்சுல உக்காந்து நோட்டோட கடைசிப் பக்கத்துல ஏதோ கிறுக்கிக்கிட்டு இருக்கிற ஒரு பிள்ளை அதை நின்னு படிச்சா போதும். அக்டோபர்ல அந்தப் பிள்ளை ஒரு அப்ளிகேஷன் போடும். சீட் கிடைக்குமா இல்லையாங்கிறது அதோட கையில. அதுக்கப்புறம் கிடைக்காம போனாலும், யாரும் சொல்லாததால போச்சுன்னு இருக்காது.